சாலையைக் கடக்கப் பதினோரு மாதம்

எங்கள் குவாரித் தெரு அகலமான தெரு அல்ல. குப்பை வண்டி வந்தால் நடந்து போகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த நடைபாதையிலிருந்து எதிர் நடைபாதைக்குப் போக எனக்குப் பதினோரு அடி ஆகிறது. ஒரு நாள் வேலை இல்லாமல் எண்ணிப் பார்த்தேன். வில்ஃப் ஹோல்ராய்டும் அவர் மனைவி டோரீனும் இந்தத் தூரத்தைக் கடக்கப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். துணைக்கு இரண்டு சொலிசிட்டர்கள், அதாவது வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீல்கள், இருந்ததுதான் காரணம். ஆட்களின் பெயரையும் தெருவின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

வில்ஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதே டிப்போவில் நானும் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். அவர் வீடு பன்னிரண்டாம் எண், என்னுடையது பத்து. இரண்டும் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கருங்கல் மாடி வீடுகள். உள்ளே செங்குத்தாகப் பதினாலு படி. படுக்கையறை, குளியலறை எல்லாம் மேலே. இதெல்லாம் தொடங்குவதற்கு முந்தின கிறிஸ்துமஸோடு டோரீனின் இரண்டு முழங்காலும் கைவிட்டுவிட்டன. அதிலிருந்து அவர் முன்னறை சோபாவில் படுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாற்காலிக் கக்கூஸ் சமையலறையில், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டிலைக் கீழே கொண்டுவந்தால் முன்னறைக் கதவு திறக்காது. நாற்பத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதருக்கு மேலே தனியாகத் தூக்கம் வரவில்லை. சோபாவுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். கேட்டால், முதுகுக்கு அதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்வார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

எதிரே ஏழாம் எண், படியே இல்லாத தரைவீடு. அதில் டேனி க்ராப்ட்ரீ என்ற குழாய் வேலைக்காரரும் அவர் மனைவி லீயானும் ஒரு மூன்று வயதுப் பெண்ணும் இருந்தார்கள். இரண்டே அறை. அக்டோபரில் அடுத்த குழந்தை வரவிருந்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க நான் வில்ஃப் வீட்டுக்குப் போனபோது நான்கு பேரும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்கு மாடி வேணும், உங்களுக்கு மாடி வேணாம்," என்றார் டேனி. "ரெண்டும் ஒரே வெலதான்னு மதிப்பு போட வந்த ஆளே சொல்லிட்டான். நீங்க இங்க வந்துடுங்க, நாங்க அங்க வந்துடறோம். என்ன சொல்றீங்க வில்ஃப்?"

வில்ஃப் டோரீனைப் பார்த்தார். டோரீன் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். "அந்தப் படுக்கையறை ஜன்னல்ல காலைல வெயில் விழும், கண்ணு," என்றார்.

கை குலுக்கினார்கள். மொத்தம் பத்து நிமிடம். கோப்பையில் டீகூட ஆறவில்லை.

"அப்ப வர்ற சனிக்கிழமையே மாத்திக்கலாமா?" என்று கேட்டார் லீயான்.

"மாத்திக்கலாம்மா," என்றார் வில்ஃப். "சொலிசிட்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா முறையா இருக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஃபாதர்கில், ஃபாதர்கில் அண்ட் மோஸ் நிறுவனம் கடைவீதியில் ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. முப்பத்தெட்டு படி, லிஃப்ட் கிடையாது. வீட்டை விற்கிறவர் தான் யார் என்பதைத் தானே நேரில் வந்து நிரூபிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

"அவளால படி ஏற முடியாதுன்னுதானே சார் நாங்க வீட்டையே மாத்துறோம்," என்று தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார் வில்ஃப்.

"நல்லாவே புரியுது, மிஸ்டர் ஹோல்ராய்ட். எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான். அதுக்காகத்தான் நடுவுல ரெண்டு எடத்துல நாற்காலி போட்டிருக்கோம்," என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

டோரீனை நானும் வில்ஃபும் இரண்டு பக்கமும் தாங்கி மேலே கொண்டுபோய்ச் சேர்க்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. மேஜைக்குப் பின்னால் திருவாளர் நைஜல் ஃபாதர்கில் உட்கார்ந்திருந்தார். டோரீன் மூச்சு வாங்கிக்கொண்டே அவரை உற்றுப் பார்த்தார்.

"நீ நைஜல்தானே? செயின்ட் மேரீஸ் ஸ்கூல்ல உனக்கு அஞ்சு வருஷம் சாப்பாடு போட்டேனே. கஸ்டர்ட் மேல ஆடை இருந்தா அழுவியேப்பா."

ஃபாதர்கில் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "உங்களை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மிஸஸ் ஹோல்ராய்ட். ஆனா நீங்க யாருங்கறதுக்கு அது சான்று ஆகாது. கரண்ட் பில் கொண்டுவந்திருக்கீங்களா?"

பில் வில்ஃபின் பெயரில் இருந்தது. அடுத்த வாரம் டோரீன் மறுபடி முப்பத்தெட்டு படி ஏறினார்.

டேனிக்கு வேறு சொலிசிட்டர் இருக்க வேண்டும் என்றார்கள். இருவருக்கும் ஒரே ஆள் பார்த்தால் வேலை சீக்கிரம் முடிந்து, அதனால் நம்பகத்தன்மை கெட்டுவிடுமாம். அதனால் டேனி, இமொஜென் பிரேஸ்வெல் என்ற அம்மையாரிடம் போனார். அவருடைய அலுவலகம் அதே கட்டடம், அதே மூன்றாவது மாடி, எதிர்க் கதவு. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஒரு மேஜை. அதில் இரண்டு அலுவலகத்துக்கும் பொதுவான தண்ணீர்க் கெட்டில்.

ஜூன் மாதம் வில்ஃப் விசாரிக்கப் போனார். எதிர்த்தரப்பிலிருந்து பதில் வரவில்லை என்றார் ஃபாதர்கில்.

"எதுத்த கதவுதானே சார்? தட்டிக் கேட்டுடலாமே?"

"நான் அந்தம்மாவோட தினமும் பதினோரு மணிக்கு அந்த மேஜையில டீ குடிக்கிறேன், மிஸ்டர் ஹோல்ராய்ட். பதினாறு வருஷமா. ஒரு நாள்கூட வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். அதுல இருந்து தப்பிச்சு வர்றதுலதான் தொழில் நெறியே இருக்கு."

எனவே ஃபாதர்கிலின் கடிதம் முப்பத்தெட்டு படி இறங்கி, தபால் பெட்டியில் விழுந்து, லீட்ஸ் நகரத்துக்குப் போய்த் தரம் பிரிக்கப்பட்டு, திரும்பி வந்து, அதே முப்பத்தெட்டு படி ஏறி எதிர்க் கதவில் நுழையும். நான்கு நாள். அந்தம்மாவின் பதிலும் அதே ஊர்வலம் போய் வரும். டோரீனைவிடக் கடிதங்கள் நன்றாகப் படி ஏறின.

கடிதங்களில் இருந்தது என்ன? கேள்விகள். பன்னிரண்டாம் எண்ணுக்கு 1887-ல் எழுதிய பத்திரம் ஒன்று கிடைத்தது. இந்த மனையில் பன்றி வளர்க்கக்கூடாது, சாராயம் விற்கக்கூடாது, கொழுப்போ சோப்போ நாற்றமடிக்கும் வேறெதையுமோ காய்ச்சக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. கடந்த இருபது வருடத்தில் மேற்படி எதையும் காய்ச்சவில்லை என்று விற்பவர் உறுதி சொல்ல வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் 'இல்லை' என்று ஒரு கோடு போட்டு அனுப்பியிருப்பார்கள். வில்ஃப் மனசாட்சியுள்ளவர். அதுதான் அவரிடம் உள்ள பெரிய கோளாறு. மூன்று நாள் யோசித்துவிட்டு, 'ஒவ்வொரு ஜனவரியிலும் என் மனைவி ஆரஞ்சு மார்மலேட் காய்ச்சுவாள். அது இதில் சேருமா?' என்று எழுதிவிட்டார்.

அது சேருமா என்று பார்க்க ஆறு வாரம் ஆயிற்று. நாற்றம் என்றால் கெட்ட வாசனை மட்டுமா, எந்த வாசனையுமா என்று அம்மையார் கேட்டார். எத்தனை பாட்டில், எவ்வளவு நேரம், ஜன்னல் திறந்திருந்ததா என்று கேட்டார். இதற்கெல்லாம் மார்மலேட்டைச் சாப்பிட்டவர்களில் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். லீயான் சொல்ல முடியாது, அவர் எதிர்த்தரப்பு. நான் சொன்னேன். வாசனை நன்றாக இருந்தது, இனிப்பு ஒரு சிட்டிகை கூடுதல் என்று ஒரு வக்கீல் முன்னிலையில் கையெழுத்துப் போட்டேன். டோரீன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு பழைய பதிவேடுகளில் தேடுதல்கள். வீட்டுக்குக் கீழே நிலக்கரிச் சுரங்கம் உண்டா? இல்லை. மாதா கோயில் கூரை ஒழுகினால் பன்னிரண்டாம் எண்காரர் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று பழைய காலத்துக் கடமை ஏதும் உண்டா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதற்கொரு காப்பீடு. கடல் உள்ளே வருமா? எங்கள் ஊரிலிருந்து கடற்கரை ஐம்பது மைல். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும் என்றார் ஃபாதர்கில். கேட்காமல் விட்டுக் கடல் வந்துவிட்டால் யார் பொறுப்பு?

ஆகஸ்டில் ஃபாதர்கில் விடுமுறையில் போனார். அவர் திரும்பிய அன்று அம்மையார் போனார்.

செப்டம்பரில்தான் பின்பக்கத் தாழ்வாரம் வெளியே வந்தது. 1983-ல் வில்ஃபும் அவர் மைத்துனரும் சேர்ந்து போட்ட கண்ணாடித் தாழ்வாரம். ஒரு சைக்கிள், இரண்டு ஜோடி மழைக்காலணி நிற்கும் இடம். அதற்கு அன்றைக்கு நகர கவுன்சிலில் சான்றிதழ் வாங்கவில்லை.

"கவலையே வேண்டாம்," என்றார் ஃபாதர்கில். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவர் முகம் மலர்ந்திருந்தது. "இதுக்குன்னே ஒரு காப்பீடு இருக்கு. பின்னாடி கவுன்சில் வந்து இடின்னு சொன்னா கம்பெனி நஷ்டம் குடுக்கும். சின்னத் தொகைதான், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. விஷயம் கவுன்சிலுக்குத் தெரியக்கூடாது. சான்றிதழ் வேணுமா வேணாமான்னுகூட அவங்ககிட்ட யாரும் கேட்டிருக்கக் கூடாது."

வில்ஃபின் காது சிவந்தது. "நேத்துதான் சார் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"மன்னிப்பு. நாப்பது வருஷமாச் சொல்லாம இருந்துட்டோமேன்னு சங்கடமாப் போச்சு. போன் பண்ணினேன். ஒரு பொண்ணு எடுத்துது. ரொம்ப நல்ல பொண்ணு சார். 'அதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்க இங்க ஆளே இல்ல, கூப்பிட்டதுக்கு நன்றி கண்ணு'ன்னுச்சு."

ஃபாதர்கில் பேனாவைக் கீழே வைத்தார். குரலில் கோபம் இல்லை. செத்த வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க. தெரியாம இருக்கறவங்களை நாங்க எப்படி வேணும்னாலும் காப்பாத்துவோம். எத்தனையோ குடும்பத்தைத் தெரியாமலே வெச்சிருக்கோம், நிம்மதியா இருக்காங்க. ஆனா போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்களுக்கு சட்டத்துல எடமே இல்ல. உங்க மாதிரி நாலு பேர் இருந்தா என் தாத்தா இந்தத் தொழிலை ஆரம்பிச்சே இருக்க முடியாது."

இனி ஒரு நிபுணர் வந்து தாழ்வாரத்தைப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும் என்றாகிவிட்டது. நிபுணருக்கு ஐந்து மாதத்துக்கு நேரம் இல்லை.

அக்டோபரில் க்ராப்ட்ரீ வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. தொட்டில் போட இடமில்லை. குளியல் தொட்டிக்குள் மெத்தை போட்டுப் படுக்க வைத்தார்கள். யாராவது குளிக்க வேண்டுமென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் தெருவில் நடப்பார். எதிரே பன்னிரண்டாம் எண்ணில் மூன்று படுக்கையறை காலியாகக் கிடந்தது.

நவம்பர் இரண்டாம் வாரம் டோரீன் விழுந்தார். வில்ஃப் கடைக்குப் போயிருந்த நேரம், ஒழுங்காகக் குளிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மேலே போயிருக்கிறார். ஒன்பது படி போய்விட்டார். எனக்குச் சுவர் வழியாகச் சத்தம் கேட்டது. கையில்தான் அடி, எலும்பு முறியவில்லை. நான் ஓடியபோது கீழ்ப்படியில் கிடந்தபடி, "வில்ஃப்கிட்ட சொல்லாத. அவனுக்குத் தாங்காது," என்றார். சொல்லாமல் எப்படி மறைப்பது? அந்தச் சாயங்காலம் வில்ஃப் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதார். பஸ் டிப்போவில் எத்தனையோ பார்த்தவர். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை டேனி வந்து கதவைத் தட்டினார்.

"போதும் வில்ஃப். காயிதம் வர்றப்ப வரட்டும். கட்டிலோட அந்தப் பக்கத்தைப் பிடிங்க."

நான், டேனியின் நண்பர்கள் நாலு பேர், சாராயக்கடை முதலாளி, எல்லோரும் சேர்ந்து கை கொடுத்தோம். இங்கிருந்த சாமான் அங்கே, அங்கிருந்தது இங்கே. நடுத்தெருவில் இரண்டு அலமாரிகள் ஒன்றையொன்று கடந்து போயின. மூன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட பலகாரமும் பட்டாணியும் சாப்பிட்டோம். குழந்தை மாடியில் தன் அறையில் தூங்கியது. டோரீன் சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு படுக்கையறைக்குத் தானே நடந்து போய், பதினோரு மாதத்துக்குப் பிறகு தன் கட்டிலில் தன் பக்கத்தில் படுத்தார். வில்ஃபும் ஏறிப் படுத்தார். மணி மாலை ஐந்துதான். விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வில்ஃபுக்கு மனசாட்சி இருக்கிறது என்று சொன்னேனே. மறுநாளே சொலிசிட்டருக்கு எழுதினார்: 'நாங்கள் வீடு மாறிவிட்டோம். இனி எங்கள் முகவரி ஏழாம் எண். சிரமத்துக்கு மன்னிக்கவும்.' நல்ல பிள்ளையாக டேனியையும் அப்படியே எழுத வைத்தார்.

உடனே கூப்பிட்டனுப்பினார்கள்.

"குடியேறிட்டீங்களா? யார் அனுமதியில?"

"டேனி சொன்னாரு சார்."

"சொல்றதுக்கு அவர் யாரு?"

"அவரு வீடு சார் அது."

"அது இன்னும் நிரூபணம் ஆகல, மிஸ்டர் ஹோல்ராய்ட். அதைத்தானே ஏழு மாசமா விசாரிச்சுட்டிருக்கோம்." ஃபாதர்கில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. முகவரி மாற்றத்தைப் பதிவு பண்ணிக்கறோம். கோப்புல இருக்கற எல்லாத் தாள்லயும் உங்க பேருக்கு நேரா பன்னிரண்டுக்குப் பதிலா ஏழு போடச் சொல்றேன். ஆனா ஒண்ணு. பணமும் சாவியும் கைமாறுற நிறைவு நாள்ல ரெண்டு வீடும் முழுசாக் காலியா இருக்கணும். காலி வீட்டைத்தான் சட்டப்படி ஒப்படைக்க முடியும்."

எதிர்க் கதவிலும் அதே நாள் டேனியின் பெயருக்கு நேராக ஏழுக்குப் பதிலாகப் பன்னிரண்டு போட்டார்கள். இரண்டு அலுவலகமும் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தது இந்தக் கதையில் இந்த ஒரு இடத்தில்தான்.

நிபுணர் பிப்ரவரியில் வந்தார். தாழ்வாரத்தை இரண்டு நிமிடம் பார்த்து, "இது தாழ்வாரம்," என்று எழுதிக் கொடுத்தார். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமையை நிறைவு நாளாகக் குறித்தார்கள். ஏன் வெள்ளிக்கிழமை என்று வில்ஃப் கேட்டார்.

"எப்பவும் வெள்ளிக்கிழமைதான். ஏதாவது தப்பாப் போனா, திங்கக்கிழமை வரைக்கும் எங்களை யாரும் கூப்பிட முடியாது."

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். காலை ஒன்பதுக்கு இரண்டு வீட்டையும் காலி செய்தோம். ஏழாம் எண் வாசலில் ஹோல்ராய்ட் சாமான், பன்னிரண்டாம் எண் வாசலில் க்ராப்ட்ரீ சாமான், மேலே பிளாஸ்டிக் விரிப்பு. டோரீனைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் கம்பளி போட்டு, குடை பிடித்தோம். லீயான் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தெருவை மேலும் கீழுமாக அளந்தார். தெருவில் போன ஒரு பெண் நின்று, அந்த மேஜை விளக்கு என்ன விலை என்று கேட்டார்.

வீட்டுச் சாவிகளை, சொலிசிட்டர்கள் ஏற்பாடு செய்த தரகரிடம் ஒப்படைத்துவிட்டோம். பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று சொலிசிட்டர் சொன்னால்தான் அவை திரும்பும். எதிர்த்தரப்பின் பணம் வந்தால்தான் தன் பக்கத்துப் பணத்தை அனுப்புவேன் என்றார் ஃபாதர்கில். அம்மையாரும் அதையேதான் சொன்னார். இரண்டும் ஒரே தொகை. பன்னிரண்டு மணி ஆயிற்று, ஒன்று ஆயிற்று. வில்ஃப் போன் செய்தார்.

"காலைல அந்தம்மாவோட டீ குடிச்சீங்களா சார்?"

"குடிச்சேனே. இஞ்சி பிஸ்கட் வெச்சிருந்தாங்க."

"எங்க விஷயம் பேசலியா?"

"டீ நேரத்துலயா, மிஸ்டர் ஹோல்ராய்ட்?"

"என் பொண்டாட்டி மழையில தெருவுல உக்காந்திருக்கா சார்."

"நல்லது. அப்ப வீடு காலிதான்னு எழுதிக்கறேன்."

வில்ஃப் போனை வைத்துவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டார். டோரீன் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக் கம்பளிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நிறைவு ஆயிற்று. யார் முதலில் அனுப்பினார்கள் என்பது இன்றுவரை ரகசியம். தரகர் வந்து, காலையில் வில்ஃப் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அதே சாவியை, ஒரு நீல ரிப்பன் கட்டி, "புது வீட்டுக்கு வாழ்த்துகள்," என்று அவர் கையில் கொடுத்தார். ஏழாம் எண் சாமான் ஏழாம் எண்ணுக்குள் போயிற்று. பன்னிரண்டாம் எண் சாமான் பன்னிரண்டாம் எண்ணுக்குள் போயிற்று. அலமாரி நனைந்து ஒரு கதவு இன்னும் மூடுவதில்லை.

ஐந்து வாரம் கழித்து ஃபாதர்கில் வில்ஃபைக் கூப்பிட்டார். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டார்.

"நிலப் பதிவு அலுவலகத்துல உங்க பத்திரத்தை ஒரே நாள்ல பதிவு பண்ணிட்டாங்க. சாதாரணமா ஆறு மாசம் ஆகும். ஏன்னு விசாரிச்சோம். மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னாங்க."

"புரியல சார்."

"உங்க பேருக்கு நேரா ஏழுன்னு போடச் சொன்னேன் இல்லையா? எங்க ஆபீஸ் பொண்ணு எல்லா எடத்துலயும் போட்டுடுச்சு. நீங்க விக்கற வீடுங்கற எடத்துலயும். அதனால நீங்க ஏழாம் எண்ணை வித்து, பன்னிரண்டாம் எண்ணை வாங்கியிருக்கீங்க."

"பன்னண்டு என்னோடதுதானே சார்?"

"ஆமா. இனிமே அது எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாம உங்களோடது."

"யாருமே பாக்கலியா சார்?"

"ரெண்டு தரப்பும் ஒத்துப் பாத்தோம், மிஸ்டர் ஹோல்ராய்ட். வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போச்சு. அந்தப் பக்கமும் இதே மாதிரி மாத்தியிருந்தாங்க. இருபத்தெட்டு வருஷத்துல இவ்வளவு சுத்தமான கோப்பை நான் பாத்ததே இல்ல."

இனி என்ன செய்வது என்று கேட்டார் வில்ஃப்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, மறுபடி முதலிலிருந்து: தேடுதல், சுரங்கம், கடல், மார்மலேட். அடையாளச் சான்று ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் டோரீன் மறுபடி முப்பத்தெட்டு படி. இரண்டாவது வழியைச் சொல்லும்போது ஃபாதர்கிலின் முகம் மறுபடி மலர்ந்தது.

"இதுக்கும் ஒரு காப்பீடு இருக்கு. என்னைக்காவது எதிர்த்தரப்பு வந்து நீங்க இருக்கற வீடு எங்களோடதுன்னு கேட்டா, கம்பெனி பாத்துக்கும். ஒரே நிபந்தனை. எதிர்த்தரப்புக்கு இது தெரியக்கூடாது. அவங்ககிட்ட நீங்க இதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. உயிர் இருக்கற வரைக்கும்." அவர் வில்ஃபைக் கூர்ந்து பார்த்தார். "இன்னும் யாருக்கும் போன் பண்ணி மன்னிப்பு கேக்கலியே?"

"இல்ல சார்," என்றார் வில்ஃப். கையெழுத்துப் போட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று மாலையே வில்ஃப் வந்து சொன்னார். அவரால் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லக்கூடாது என்று தாளில் எங்கேயும் இல்லை. மறுநாள் காலை டேனி வந்தார். அவரும் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மையார் அவரையும் கூப்பிட்டிருந்தார். அவரும் அதே காப்பீட்டில், அதே நிபந்தனையில் கையெழுத்துப் போட்டிருந்தார். "பாவம், அந்தக் கிழவருக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவாரு. நீங்களும் சொல்லிடாதீங்க," என்றார். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் எண்ணில் டீ. டேனியையும் லீயானையும், கூடவே என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டோரீன் மார்மலேட் தடவிய ரொட்டி வைத்தார். இனிப்பைக் குறைத்திருந்தார். நான்கு பேரும் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார்கள். இவ்வளவு கனமான ஒரு விஷயத்தை நடுவில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும். நேற்றைய மழை, நாளைய மழை, வட பக்கத்து மழை. நடுவில் ஒரு தடவை வில்ஃப் வாயைத் திறந்தார். டோரீன் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். பாவம், அது என் கால்.

கிளம்பும்போது டேனி வாசலில் நின்று மேலே பார்த்தார். பத்திரப்படி அவருக்குச் சொந்தமான கூரை.

"உங்க கூரைல ரெண்டு ஓடு நகர்ந்திருக்கு வில்ஃப்," என்றார். 'உங்க' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் அழுந்தியது. "செவ்வாக்கிழமை ஏணி கொண்டுவந்து சரி பண்ணித் தரேன்."

வில்ஃப் அவரைப் பார்த்தார். டேனிக்கும் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது. மறைக்கத் தெரியாத முகம். பிறகு எதிர்வீட்டை, தன் பெயரில் இரண்டு தடவை பதிவான அந்த மாடி வீட்டை, தலை உயர்த்திப் பார்த்தார்.

"உங்க பின் தாழ்வாரக் கதவு மழைக்கு இறுகும், தம்பி," என்றார். "கீழ்ப்பக்கம் கொஞ்சம் மெழுகு தேய்ங்க. உங்க வீடு, பத்திரமாப் பாத்துக்குங்க."

"உங்களோடதையும்," என்றார் டேனி.

கை குலுக்கினார்கள். இரண்டு வீடும் அந்த நிமிடத்தில்தான் கைமாறின. பார்த்த சாட்சி நான். இது எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை. யாரும் போய்க் கேட்கவும் வேண்டாம்.

டேனி பதினோரு அடி வைத்துத் தெருவைக் கடந்தார். உள்ளே டோரீன் விளக்கை அணைத்துக்கொண்டே வில்ஃபைப் படுக்கக் கூப்பிட்டார்.